இரண்டு டிஸ்க்கிலும் இல்லாதது

என் கணக்கு டீச்சரம்மாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போன இந்த மூன்று வாரத்தில் நான் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே.

செத்துப்போன நம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து உன் பன்னிரண்டு வருட வினாத்தாள்களில் முக்கால்வாசியைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் மீட்டுவிட்டார். இப்போது நம் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். சோதிக்க ஒன்றின் ஒயரைப் பிடுங்கினேன். உன் எட்டாம் வகுப்பு இயற்கணிதம் அசையாமல் திரையில் நின்றது! தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

‘நாளைக்கு காப்பி எடுத்துக்கலாம்’ என்று வருடக்கணக்கில் சொன்ன வாய் இதுதான். தெரியும்.

கடைக்காரரிடம் பெருமையடித்தேன். “ரொம்ப ஆடாதீங்க சார். ஒண்ணுல அழிச்சா இன்னொண்ணுலயும் அந்த நிமிஷமே போயிடும்” என்றார். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு ஃபைலை அழித்துப் பார்த்தேன். நீ கிளம்பிய அன்று உனக்கு அனுப்ப டைப் செய்த ‘என் பக்க நியாயம்’, பதினோரு பக்கம். இரண்டிலும் போயே போய்விட்டது. தேடவும் தோன்றவில்லை.

ஆகவே மூன்றாவதாக ஒரு காப்பி, அதுவும் வேறு வீட்டில், இருக்க வேண்டுமாம். எடுத்துவிட்டேன். அதையும் இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுவந்திருக்கிறேன். வாய் திறந்தால் மறுபடி நியாயம் பேசிவிடுவேன் என்றுதான் எழுதிக் கொடுக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன்.

டிஸ்க் அக்கா வீட்டிலேயே இருக்கட்டும். நீ வா.

இப்படிக்கு,
‘நாளைக்கு’ என்பதை விட்டுவிட்ட
உன் வீட்டுக்காரன்