கோபுரக் கேமரா எரியவில்லை

2071 அக்டோபர் 9, 14:10
நிலா, தென்முனைப் பள்ளத்தின் விளிம்பு நிலையம். ஆட்கள் இரண்டு. உள்ளே நான், பரிதி, எலக்ட்ரானிக்ஸ். வெளியே, பள்ளத்துக்குள், வண்டியோடு சங்கரகோமதி, நிலவியல்.

கோபுரக் கேமராவின் நான்கு பேட்டரிகளையும் மாற்றினேன். வழக்கமான வேலை. யார் படித்தாலும் புரியட்டும் என்று எழுதுகிறேன்: அந்தப் பள்ளத்தில் வெயில் விழாது. வண்டி விளக்கு பத்தடிக்குமேல் காட்டாது. இருட்டிலும் பார்க்கும் இந்தக் கேமராவின் படம் நேரே கோமதியின் திரைக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் வெடிப்புகளில் விழாமல் ஓட்டுவாள்.

14:45
கேமரா எரியவில்லை. பேட்டரியைத் தலைகீழாகப் போடவில்லை, நான் முட்டாள் இல்லை. ஃபியூஸ் சரி. மூடி சரி. பழைய பேட்டரிகள் செத்துவிட்டன, அதனால்தான் மாற்றினேன்.

பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஞானராஜ்: "தம்பி, ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

நான்: "ஆன் ஆனாத்தானே சார் ஆஃப் பண்றதுக்கு?"

கோமதி: "ஏலே, திரை இருட்டாக் கெடக்கு. நடுவழியில நிக்கேன். தூங்குதியா?"

15:20
பேட்டரிகளைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தேன். நான்கிலும் மின்சாரம் முழுசாக இருக்கிறது. முனைகளில் மட்டும் மஞ்சள் பொருக்கு. சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

போன வாரம் ஆயுத பூஜை. ஸ்பேனர் முதல் கழிப்பறைப் பம்பு வரை கோமதி பொட்டு வைத்துக்கொண்டே போனாள்.

நான்: "பேட்டரி முனையில யாராச்சும் சந்தனம் வைப்பாங்களா?"

கோமதி: "நெத்தி மாதிரி இருந்துச்சு, வச்சேன்."

நான்: "அது நெத்தி இல்ல, வாய். வாயில மண்ண அடைச்சிருக்கீங்க."

கோமதி: "பெரிய இஞ்சினியரு! போடும்போது பாக்க மாட்டியோ? கண்ணு எங்கலே இருந்துச்சு?"

 ஸ்பிரிட்டை எடுக்கப் போனேன்.

16:05
பேட்டரிகளை ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி கோபுரம் ஏறினேன். கேமராவின் ஸ்பிரிங்குகளிலும் சந்தனம் அப்பியிருந்தது. அங்கே ஸ்பிரிட் ஊற்றினால் நொடியில் ஆவி. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். அந்தக் குளிரில் இரும்பும் கண்ணாடி மாதிரிதான். ஒரு ஸ்பிரிங் முறிந்தது.

விரலால் பேட்டரியை அழுத்தினால் கேமரா எரிகிறது. எடுத்தால் அணைகிறது. பேட்டரி விரல் ஆழக் குழியில் இருக்கிறது, வெளியே கம்பி கட்டிப் பயனில்லை. ஸ்க்ரூடிரைவரைச் செருகினால் ஷார்ட். டேப் அங்கே ஒட்டாது.

கோமதி: "வந்துருச்சு! ஏ, போயிருச்சு. என்னலே, கண்ணாமூச்சி காட்டுத?"

16:30
கணக்கு. வெடிப்புகளைத் தாண்ட அவளுக்கு ஐம்பது நிமிடம் வேண்டும். அவளிடம் அதற்குமேல் கொஞ்சம்தான் காற்று இருக்கிறது. மூன்று முறை ஏறி இறங்கியதில் என் உடையில் முப்பது நிமிடக் காற்று மிச்சம். நிரப்ப இரண்டு மணி நேரம். இன்னொரு உடை அவள்மேல் இருக்கிறது.

ஞானராஜ்: "நீங்க வெளிய போகக் கூடாது தம்பி. உத்தரவு. நாங்க வேற வழி யோசிச்சிட்டிருக்கோம்."

நான்: "யோசிங்க சார். உங்களுக்கு அங்க காத்து இலவசம்."

பூமியோடு தொடர்பைத் துண்டித்துவிட்டேன். அவர் கோமதியிடம் ஏதாவது உளறினால் அவள் வண்டியை நகர்த்தமாட்டாள். பிடிவாதக்காரி.

16:38
இனிச் செய்யப்போவது:

1. கோமதியிடம் சொல்வேன்: "சரியாயிருச்சு, ஓட்டுங்க."

2. கோபுரம் ஏறி, விரலைக் குழிக்குள் விட்டு, முழங்கை வரை கேமராவோடு வாரால் இறுக்கிக்கொள்வேன். மயங்கினாலும் விரல் வெளியே வரக் கூடாது.

3. அவள் எவ்வளவு திட்டினாலும் வாய் திறக்கமாட்டேன். பேச்சுக்குக் காற்று செலவாகும்.

4. முப்பது நிமிடம் அழுத்திக்கொண்டிருப்பேன்.

5. மீதி இருபது நிமிடமும் அழுத்திக்கொண்டிருப்பேன்.