விளிம்பில் ஒரு ஜன்னல்

2012 மார்ச் 6
லா ஷப்பேலில் ஒரு கட்டடத்து மொட்டைமாடியில் என் மேக ஆய்வுக்கான கேமராவைப் பொருத்தியாயிற்று. மேலே கண்ணாடிக் குமிழ், பனி படியாமல் இருக்க ஒரு விசிறி. நிமிடத்துக்கு ஒரு படம். முழு வானமும் ஒரே வட்டத்தில். வானத்தை எட்டாகப் பிரித்து, மேகத்தை எட்டுக்கு இத்தனை என்று குறிக்க வேண்டும். இன்று எட்டுக்கு எட்டு. பாரிஸ்தானே!

மார்ச் 8
மாடியை ஒட்டிய சிற்றறையில் ஒரு தமிழர். பாலேந்திரன், இலங்கையில் வன்னிக்காரர், ரெஸ்டோரன்டில் பாத்திரம் கழுவுகிறார். ஜன்னலில் தலையை நீட்டி, "தங்கச்சி, உது முகிலை மட்டுமோ பாக்கும்?" என்றார். முகில் யாரோ பையன் பெயர் என்று நினைத்து விழித்தேன். இருவரும் சிரித்தோம். பிறகு, "வண்டு மாதிரி இரையுது" என்றார். விசிறிச் சத்தம் தொந்தரவு போல, பாவம்.

மார்ச் 12
சத்தமில்லாத விசிறியாக மாற்றினேன். நன்றி சொல்வார் என்று பார்த்தால் முகம் வெளுத்துவிட்டது. வண்டு என்றால் அவர்கள் ஊரில் வேவு விமானமாம். "இரையேக்க பயமில்லை, தங்கச்சி. சத்தம் நிண்டால்தான் பயம். பிறகுதான் செல் விழும்." செல் என்றால் பீரங்கிக் குண்டு.
அவருடைய அகதி மனுவை இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். பிடித்தால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அந்த அறையும் காலி என்று கணக்கு. யாரோ சாவி கொடுத்திருக்கிறார்கள்.
"நான் உதிலை தெரியிறனோ?"
"இல்லண்ணே, வானம் மட்டும்தான்."
பொய். படத்தின் விளிம்பில் அவர் ஜன்னல் இருக்கிறது. விளிம்பை மறைக்க ஒரு கறுப்பு வளையம் போட வேண்டும். நாளைக்குப் போடலாம்.

மார்ச் 20
வளையம் இன்னும் போடவில்லை. சோம்பேறி. இடம் தந்ததற்கு நன்றியாக, கட்டட மேலாளர் ழான்-லூக்குக்கு ஒரு வாரப் படங்களை அனுப்பினேன். மேகங்கள் ரொம்ப அழகாம்.

மார்ச் 22
ழான்-லூக் போன் செய்தார். படங்களில் காலி அறை ஜன்னலில் துணி காய்கிறதே, யாருடையது? தெரியாது என்றேன்.
அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது — நான்தான் காட்டிக் கொடுத்துட்டேன்னா? எந்த முகத்தை வெச்சுக்கிட்டு? நாளைக்குச் சொல்லிடலாம்.

மார்ச் 23
அறைக் கதவில் புதுப் பூட்டு. படங்களைத் திறந்தேன்.
10.14: ஜன்னலில் அவர். கேமராவைப் பார்க்கிறார்.
10.15: அவருக்குப் பின்னால் இரண்டு போலீஸ் தொப்பிகள்.
10.16: ஜன்னல் திறந்திருக்கிறது. யாருமில்லை.
மேகம் எட்டுக்குப் பூஜ்யம்.

ஏப்ரல் 19
நேற்று அவரைக் கொழும்பு விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம். ரெஸ்டோரன்டில் சொன்னார்கள்.
பழைய விசிறியைத் தேடி எடுத்து மாட்டினேன். இரையட்டும்.
கறுப்பு வளையமும் போட்டாயிற்று, பழைய படங்களுக்கும் சேர்த்து. இப்போது வானம் மட்டும்தான் தெரிகிறது.