கம்பளியைக் கழற்றிய பிறகு

என் கேலிக்கெல்லாம் முகம் கோணாத மச்சான் மாணிக்கத்துக்கு,

காய்ச்சலில் நீ போய் இன்றைக்குப் பதினெட்டாம் நாள். உன் தங்கச்சி இரண்டு வாய் சாப்பிடத் தொடங்கிவிட்டாள். நீ பத்து வருசம் பார்த்துக்கொண்ட குதிரை செல்லிதான், புல்லைத் தொடாமல், வாளிச் சத்தத்துக்கே நடுங்கிக்கொண்டு லாயத்து மூலையில் நின்றாள். தோட்டத்துத் துரை அவளை என் தலையில் கட்டிவிட்டார். தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்?

துரைக்கு ஜீப் வந்துவிட்டது, மச்சான்; இனிக் குதிரை இல்லாவிட்டாலும் அவருக்கு ஓடும். சனிக்கிழமைக்குள் செல்லி சேணம் பூட்ட விடாவிட்டால் அவளைச் சுட்டுவிடுவதாக, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லி அனுப்பினார்.

காமன் கூத்தில் ரதி வேசம் கட்டித் தோட்டத்தையே ஏமாற்றியவன் நான். குதிரை எம்மாத்திரம்? உன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உன்னைப் போலவே காலைச் சாய்த்து நடந்துபோய், "வா தாயீ" என்று உன் குரலில் கூப்பிட்டேன்.

ஓடி வந்தாள், மச்சான். கம்பளியில் மூக்கைத் தேய்த்தாள். பிறகு என் கையை மோந்தாள். திரும்பி ஒரே உதை. என் தலைக்கு ஒரு சாண் தள்ளிக் கதவுப் பலகை பிளந்தது.

சத்தம் கேட்டு வந்த உன் தங்கச்சி, "நம்பி வந்துச்சு. அதுக்கிட்டயுமா ஒங்க கூத்து?" என்றாள். நான் குனிந்து பலகைச் சிராய்களைப் பொறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை கம்பளியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். கையை நீட்டவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உதைத்தால் உதைக்கட்டும்.

"தாயீ, மாணிக்கம் செத்துட்டான். இனிமே வர மாட்டான். நான்தான் இருக்கேன்" என்று என் சொந்தக் கட்டைக் குரலில் சொன்னேன். நீ செத்ததை நான் வாய்விட்டுச் சொன்னதும் அன்றைக்குத்தான்.

எவ்வளவு நேரமோ தெரியாது. பின்கழுத்தில் சூடாக ஒரு மூச்சு விழுந்தது. நான் திரும்பவில்லை.

சனிக்கிழமை துரை துப்பாக்கியோடுதான் வந்தார். சேணத்தை முதலில் அவள் மோந்து பார்க்க விட்டேன். பட்டையை இறுக்கும்போது அவள் உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனால் நின்றாள். ஒரு காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். துரை துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பினார்.

அவளுக்கு இன்னும் பயம் போகவில்லை. எனக்கும்தான். என்மேல் அவளுக்கு நம்பிக்கையா, இல்லை வேறு ஆளில்லாத குறையா? நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய்.

மழை விட்டதும் உன் குழிமேட்டுக்கு அவளைக் கூட்டி வருகிறேன். பாதி வழியில் நின்றுவிட்டால் நானும் நிற்பேன். இழுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டியதால் உன் குதிரைக்கும் வாக்கப்பட்டுவிட்ட மச்சான்,
சிவலிங்கம்