மலைப்பாட்டின் ஆரம்பத்தை மாற்றினேன்

அன்புள்ள அப்பாவுக்கு, வார்சாவில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நான் இசையமைக்கும் வீடியோ கேமில் ஒரு மலையேறும் கட்டம் உண்டு; தவறி விழுந்தால் அடியிலிருந்து மறுபடி ஏறவேண்டும். அதற்கு முரசு முழங்கும் பாட்டு கொடுத்திருந்தேன். கேமை உருவாக்கும் போகுஷ் கத்தினார்: "ஒவ்வொரு தடவை விழும்போதும் பாட்டு முதல்லேர்ந்து வருது, தாயே! விழுந்ததுக்குக்கூட அழல, உன் முரசுக்குத்தான் அழறேன்."

விளையாடிப் பார்க்காமலே எழுதியிருந்தேன். பிறகு கேமில் நானே ஏறி, விழுந்து விழுந்து, ஆரம்பத்தை மெல்லிய குழலிசையாக மாற்றினேன். "இப்ப விழலாம் போலிருக்கே!" என்கிறார் போகுஷ்.

நம் ஊர் காப்ரோவோவில், பள்ளியில் நீங்கள் எனக்காகச் சொல்லிவைத்த வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள்.

நம் சமையலறைக் கதவுக்கு எண்ணெய் போட்டுவிடாதீர்கள். அது கிறீச்சிடுவதை ஃபோனில் பதிந்து அனுப்புங்கள், கேமுக்கு வேண்டும். திறக்கும்போது வழக்கம்போல அதைத் திட்டுங்கள். பதிவில் நீங்கள் திட்டும் இடத்தை வெட்டமாட்டேன்.

போகுஷ் கூப்பிடுகிறார்.

ஸோர்னித்சா