மனையில் ஓர் இடம்

அக்டோபர் 23, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். மெத்தை உறை மூன்றும் கொடியில் சொட்டிக்கொண்டு. மாற்ற உறை இல்லை.

சுகன்யா ரவிக்கை பாதியில் நிற்கிறது. நாத்தனாருக்கு ஏழாம் மாதம். நவம்பர் 2 வளைகாப்பு, கீரமங்கலத்தில் அவள் மாமியார் வீட்டில். நேற்று இங்கே வல்லத்திராக்கோட்டை வரைக்கும் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனாள். போன தடவையை விட இரண்டு இஞ்ச் கூட. "தாராளமா வச்சுத் தைங்க அண்ணி. பத்து நாளு கெடக்கு, அதுக்குள்ள இன்னும் ஊதிருவேன்." டேப் பிடித்த கை வயிற்றில் பட்டது. உள்ளேயிருந்து ஓர் உதை. என் விரலில்! அவள் சிரித்தாள். நான் அளவை மறந்துவிட்டு மறுபடி அளந்தேன். உண்மையைச் சொன்னால், மறக்கவில்லை.

மோட்டார் மிஷின் மிதி மேஜை மேல். இடது முழங்கையால்தான் அமுக்குகிறேன். நாலு வருஷமாகக் கால் வேலையையும் கைதான் பார்க்கிறது. ஆலங்குடி ரோடு, ஸ்கூட்டி, குறுக்கே ஆடு, முதுகில் பத்தாவது எலும்பு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி இதுவே என் விலாசம் மாதிரி ஆகிவிட்டது.

இப்போது விஷயம். 13ஆம் தேதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்றோடு பத்து நாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும்தான். அவர் குவைத் திரும்பிப் பத்தொன்பது நாள். சொன்னால் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டுவிட்டுத்தான் என்னிடம் சந்தோஷப்படுவார்.

அக்டோபர் 24, வெள்ளி

மழை இல்லை. நர்ஸ் அக்கா வந்தார் (மாதம் ஒரு முறை வீட்டுக்கு வந்து யூரின் டியூப் கொடுப்பவர்). அத்தை மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரம் பார்த்து, கர்ப்பம் பார்க்கிற கார்டு ஒன்று கேட்டேன்.

"யாருக்குத்தா? சுகன்யாவுக்கா? அதுக்குத்தான் ஏழு மாசம் ஆயிருச்சே."

"எனக்குத்தான் அக்கா."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். டியூப் எண்ணிக்கையை மூன்று தடவை எண்ணினார். நான் என்ன, புருஷன் வந்து நாற்பது நாள் இருந்த வீட்டில் பல்லாங்குழியா விளையாடினேன்? ஆனால் கார்டு கொடுத்தார். பையில் இருந்தது.

அந்த நாற்பது நாள். முதலில் எங்களுக்கும் பயம்தான். முன்னாலேயே டியூப் போட்டுக் காலி செய்ய வேண்டும், கடிகாரம் பார்க்க வேண்டும், தலையணை எந்தப் பக்கம், கால் இழுத்துக்கொண்டால் என்ன செய்வது. ஒரு நாள் கால் இழுத்து அவரை உதைத்தே விட்டது. "நாலு வருஷக் கோவத்த மொத்தமா தீத்துட்டியா?" என்றார். சிரித்து அடங்க ரொம்ப நேரம். அந்தச் சிரிப்பு வேண்டும் எனக்கு. இப்போதே. போனில் வருவது இல்லை, பக்கத்தில் வருவது.

கார்டு பார்த்தேன். இது ஒன்று எனக்குச் சுலபம். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை டியூப், அளவு டம்ளர், எல்லாம் கைவசம்.

ஒரு கோடு. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு கோடுதான். சில பேருக்குத் தாமதமாகக் காட்டுமாம். கார்டை வெட்டுத்துணி போடுகிற டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் கைக்கண்ணாடி பிடித்துப் பின்பக்கம் பார்த்தேன், படுக்கைப் புண் வந்திருக்கிறதா என்று, தினம் பார்ப்பதுதான். புண் இல்லை. சிவப்பு.

வந்துவிட்டது.

மற்றவர்களுக்கு வயிறு வலித்து, இடுப்பு கடுத்து, தகவல் வரும். எனக்குக் கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும். இருந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல். இருக்கவே இல்லை, ஒரு கோடுதானே. ஆனாலும் பதின்மூன்று நாள் நான் இருந்தேனே. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு தைத்தேனே. அழுதேன். நன்றாகவே.

அத்தை ஓடி வந்தார். "என்னத்தா, புண்ணு கிண்ணு வந்துருச்சா?"

"இல்ல அத்தை. தூரம்."

சட்டியில் சுடுதண்ணீர், துணி, எல்லாம் கொண்டுவந்து வைத்தார். நானே துடைத்துக்கொள்வேன் என்றாலும் நிற்பார். நின்றுகொண்டு சொன்னார். "ஒனக்கு எதுக்குத்தா மாசா மாசம் இந்தச் சள்ளை. புதன்கெழமை யூரின் காட்டப் போறப்ப டாக்டரம்மாட்ட கேப்பம். கர்ப்பப்பைய எடுத்துட்டா ஒனக்கும் சுளுவு, எனக்கும் நிம்மதி."

அன்பாகத்தான் சொன்னார். கெட்டவர் என்றால் சண்டை போட்டிருப்பேன். நாலு வருஷமாக என்னைப் புரட்டிப் போட்ட கை.

செய்ய வேண்டியது:
ரவிக்கைக்குக் கொக்கி.
காற்று மெத்தைக்கு ஒட்டு.
டாக்டரிடம் நான் முந்திக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

வெயில். ஆட்டோ. புதுக்கோட்டை. சக்கர நாற்காலியை மடக்கி ஆட்டோக்காரர் தலைக்கு மேல் கட்டினார்.

சாய்வுப் பாதையில் யாரோ பைக்கை நிறுத்தியிருக்கிறார்கள். அதை நகர்த்தப் பத்து நிமிஷம். உள்ளே போனால் சோதிக்கிற படுக்கை என் தலை உயரம். "மேல ஏறிப் படுங்கம்மா" என்றது அங்கே நின்ற உதவியாளர் பெண். ஏற முடிந்தால் நான் மலைக்கே போவேன். கடைசியில் என் மடி உயரத்துக்கு ஒரு பெஞ்சு கிடைத்தது. நானே நகர்ந்து மாறிக்கொண்டேன்.

டாக்டர் என் வயதுதான் இருக்கும். அத்தையைப் பார்த்துக் கேட்டார். "இவங்களுக்கு பீரியட்ஸ் ரெகுலரா வருதா?"

அத்தை முந்திக்கொண்டார். "அது வருதுங்க. அதத்தான் எடுத்துரலாமான்னு கேக்க வந்தேன்."

"டாக்டர், இங்கிட்டு. என்கிட்ட கேளுங்க. எனக்குப் பிள்ள வேணும். நடக்குமா, நடக்காதா?"

கத்திவிட்டேன் போல. வெளியே வரிசையில் பேச்சு நின்றது. டாக்டர் முகம் சிவந்துபோய், எழுந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். ஸாரி என்றார். அதற்குப் பிறகு என்னைத் தவிர யாரையும் பார்க்கவில்லை.

சொன்னது (மறப்பதற்கு முன்):
நடக்கும். கர்ப்பப்பைக்கு முதுகெலும்பு அடிபட்டது தெரியாது. நாள் தவறியது யூரின் இன்பெக்ஷனால் இருக்கலாம். கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது.
போலிக் மாத்திரை இன்றிலிருந்தே.
கால் இழுப்பு மாத்திரையை நானாக நிறுத்தக்கூடாது. இந்த டாக்டரே என் பழைய டாக்டரிடம் பேசி முடிவு சொல்வார்.
இன்பெக்ஷன் அடிக்கடி வரும். புண் வரலாம், வயிறு ஏற ஏற நாற்காலி மாற வேண்டும்.
பிரசவ வலி எனக்குத் தெரியாமல் போகலாம். கடைசி இரண்டு மாதம் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

"கஷ்டம்தான். ஆனா நடக்கும்." இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அத்தை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். திருவரங்குளம் விலக்கு தாண்டித்தான் வாயைத் திறந்தார். "அவனுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். "எனக்குத்தான் தெரியல" என்றார்.

அக்டோபர் 31, வெள்ளி

ரவிக்கை முடிந்தது. கை ஓரத்தில் மாங்காய்க் கரை. எனக்கே கொடுக்க மனசில்லை.

அத்தை இரண்டு நாளாகப் பாத்திரங்களிடம் பேசுகிறார். என்னிடம் சோறு, குழம்பு, மாத்திரை மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம் என்று இருக்கிறது. வளைகாப்புக்காரி எழுந்ததும் அதே மனைப் பலகையில் பிள்ளைக்குக் காத்திருக்கிறவளை உட்கார வைத்து வளையல் போடுவது எங்கள் பக்க வழக்கம். இரண்டு வருஷம் முன்னால் சின்ன மாமனார் வீட்டு வளைகாப்பில் கல்யாணமாகி எட்டு மாதம் ஆனவளைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். என்னை அடுப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ப் பூண்டு கொடுத்தது அத்தைதான். ஒரு கிலோ உரித்தேன். உள்ளே வளையல் சத்தம்.

பக்தி பெரிதாக ஒன்றும் இல்லை எனக்கு. அந்தப் பலகையில் மந்திரம் இல்லை என்றும் தெரியும். ஆனால் அந்த வரிசையில் என் பேரையும் ஒரு தடவை யாராவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை, அவ்வளவும் ஆசை.

கேட்க மாட்டேன். கேட்டு வாங்க அது ரேஷன் சர்க்கரை இல்லை.

அத்தை இப்போது வந்து நின்றார். தானாகவே பேசினார். "அன்னைக்கி ஒன்னைய உக்கார வச்சா நாலு பேரு உச்சுக் கொட்டுவாளுக. நீ மனசு ஒடஞ்சுருவன்னுதான் அங்கிட்டு தள்ளிக்கிட்டுப் போனேன்." பதில் எதிர்பார்க்காமல் போய்விட்டார். இத்தனை நாள் அதைப் பூண்டு உரிக்க ஆள் இல்லாததால் என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கார், கீரமங்கலம். வாசலில் மூன்று படி. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். மல்லிகை வாசனை தெருமுனை வரைக்கும். ஏழு வகைச் சோறு. புளிச்சோறு நன்றாக இருந்தது, தயிர்ச்சோறு புளிப்பு.

சுகன்யா அழகு. ரவிக்கை அச்சாக உட்கார்ந்திருந்தது. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வளையல்.

அவள் எழுந்ததும் அவள் மாமியார் குரல் கொடுத்தார். "அடுத்து நம்ம பிரியா வந்து உக்காரு." பிரியா, அவர்கள் வீட்டு இளைய மருமகள். உட்கார்ந்தது, போட்டார்கள், எழுந்தது. "வேற யாரும் இருக்காகளா?" யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் புளிச்சோற்று அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை போய்ப் பலகையைக் கையில் எடுத்தார்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க சம்பந்தி?"

"எம் மருமக செல்வி இருக்காள்ல."

"அது எப்புடி இதுல உக்காரும்?"

"அவ எதுக்கு எறங்கணும்? பலக வரட்டும்." நேராக என்னிடம் வந்தார். நாற்காலியின் கால்மிதியை மடக்கினார். தரையில் பலகையைப் போட்டு என் இரண்டு பாதத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அதன் மேல் வைத்தார். யாரோ உச்சுக் கொட்டினார்கள். காதில் விழுந்தது. மனசு உடையவில்லை.

பலகை சில்லென்று இருந்திருக்கும். கால் தடதடவென்று உதற ஆரம்பித்தது. பலகையை விட்டு நழுவப் பார்த்தது. அத்தை உட்கார்ந்து இரண்டு முட்டியையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னிடம் இல்லை, காலிடம் சொன்னார். "இரு, இரு. ஒனக்குந்தான்."

சுகன்யா போட்டுவிட்டாள். பச்சையும் சிவப்பும், கைக்கு ஏழு.

வந்ததும் அவருக்கு போட்டோ அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. அழுகிறார் என்று அர்த்தம். மாத்திரை போட்டாயிற்று. பிரியாவின் ரவிக்கைத் துணி வந்திருக்கிறது. மிதியை அமுக்கும்போதெல்லாம் வளையல் மேஜையில் இடிக்கிறது. கழற்றப்போவதில்லை.