கிளையில் தொங்கும் துரை

அண்ணே,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நேற்று செண்பகனூர் பஸ்ஸில் ஓர் அம்மாவுக்கு எழுந்து இடம் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் துரை மாதிரி தொப்பியைத் தூக்கி மரியாதை செய்யப் போனேன். தலையில் இருந்ததோ குரங்குக் குல்லா. பாதியில் கண்ணை மூடி மாட்டிக்கொண்டது. "மூச்சு முட்டுதா சார்?" என்று கண்டக்டர் ஓடி வந்தார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இது தேவையா? எல்லாம் உங்களால்தான். போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகியும் ஆட்டி வைக்கிறீர்கள்.

என் மாத நாவல்களில் துப்புத் துலக்கும் இங்கிலீஷ் துரையை நான் அரைகுறையாகத்தான் படைத்தேன். வெள்ளைக்காரர் யாரோடும் நான் பழகியதில்லை. பங்களாவில் ஒரு துரைக்கு பட்லராக இருந்த நீங்கள்தான் அவரை முழு மனிதராக்கினீர்கள். அச்சுக்குப் போகுமுன் தாள்களை வாங்கிப் படித்துவிட்டு, "துரைமாரு கத்த மாட்டாங்க தம்பி. திருடனைப் பிடிச்சாலும், சிரமத்துக்கு மன்னிக்கணும்னுதான் சொல்வாங்க" என்பீர்கள். நாலு மணி டீ, வெயில் நாளிலும் கையில் குடை, எல்லாம் உங்கள் உபயம்.

ஒருமுறை பதிப்பாளர், துரையின் கதையை முடித்துவிடச் சொன்னார். பாறை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டேன். படித்ததும் உங்கள் முகம் வாடிவிட்டது.

"அவரைச் சாகடிக்காதீங்க தம்பி."

"கதை நான் எழுதுறேனா, நீங்க எழுதுறீங்களா?" என்று கத்தினேன்.

கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள். "மன்னிச்சுக்கங்க. உரிமையில சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நமக்குள் நிலத்தகராறு என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். மறுக்கவில்லை. உண்மைக் காரணத்தைச் சொன்னால் இன்னும் கேவலம். எழுத்து ஓடவில்லை. கடைசியில் துரையைப் பாதிப் பள்ளத்தில் ஒரு மரக்கிளையில் தொங்கவிட்டு, அந்தத் தாள்களோடு உங்கள் வாசலுக்கு வந்தேன். நின்றபடியே படித்தீர்கள்.

"கிளை சரி. குடையை விட்டிருக்க மாட்டாரே?"

அங்கேயே பேனாவை எடுத்துக் குடையையும் அவர் கையில் கொடுத்தேன். உள்ளே வரச் சொன்னீர்கள்.

இப்போது பதிப்பாளர் மறுபடி கொல்லச் சொல்கிறார். முடியாது என்றேன், குரலை உயர்த்தாமல். வேறு எழுத்தாளரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பரவாயில்லை. துரை என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் மதினியைப் பார்த்து இதைச் சொன்னேன். "அண்ணன் பார்த்த துரையை நான் எப்படிக் கொல்ல முடியும் மதினி?"

மதினி சிரித்துவிட்டார்.

"எந்தத் துரை? அவுக வேலை பார்த்தது ஒரு அமெரிக்காக்காரருகிட்ட. சாப்பாட்டுல உப்புக் கூடினா தட்டு பறக்கும்."