கொப்புளம் விட்ட இலை

ரிங்லெட்,
14.8.1978

தம்பி தங்கையாவுக்கு அக்கா இராசம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்க இன்று எனக்கு மனம் வரவில்லை.

உன் கடிதம் வந்ததும் அம்மா வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொன்னாள். 'படிக்காத ஜனங்களை நம்பி என் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டேன்' என்று எழுதியிருந்தாயே, அதையும் விடாமல் படித்தேன். பெற்ற மகன் சொன்னதை அவளும் கேட்கட்டும்.

முந்தைய கடிதத்தில், உன் புரொபசர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தேயிலைக் கொப்புள நோயை ஆராய்கிறார், நல்ல படம் எடுத்துக் கொடுக்கிற மாணவனை இங்கிலாந்துக்கு ஆராய்ச்சி வேலைக்கு அழைத்துப் போவார் என்று எழுதினாய். நோய் பிடித்த இலை போட்டு அனுப்பச் சொல்லி, இலை அழுகாமலிருக்க மருந்துத் தண்ணீரோடு ஒரு போத்தலும் அனுப்பினாய். நான் அப்போது பிரசவத்துக்குத் தாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

தோட்டத்தில் அம்மா பறித்த கொழுந்தை நிறுக்கும்போது சொத்தை இலை ஒன்று கண்டாலும் கங்காணி கூடையையே கவிழ்ப்பான். அப்படியிருக்க, புரொபசருக்குச் சொத்தை இலை அனுப்ப அம்மாவுக்குக் கை கூசியது. நம்ம புள்ளைய அவரு மட்டமா நெனச்சிட்டா என்ன பண்றது என்றாளாம். நாற்றமடித்த தண்ணீரைக் கொட்டி, போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவி, நல்ல கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி அடைத்து அனுப்பிவிட்டாள். உனக்கு அழுகல்தான் வந்து சேர்ந்தது. தப்புத்தான், யார் இல்லை என்றார்கள்?

புரொபசர் வேறு பையனை எடுத்துக்கொண்டார். அதற்காக, தீபாவளிக்கு வரமாட்டேன், இனி எனக்கு வீடே இல்லை என்று எழுதுவாயா? அவ்வளவு அவசரமென்றால் பஸ் ஏறி வந்து நீயே பறித்திருக்கலாமே, துரை! தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை என்று கூடப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயமா?

உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய மறுநாள் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? நல்ல கொழுந்தை விட்டுவிட்டுக் கொப்புளம் விட்ட இலையாகத் தேடிப் பறித்தாள். கங்காணி பார்த்துவிட்டு, கெழவிக்குக் கண்ணு போச்சுலா, நாளைலேருந்து புல்லு வெட்டப் போகட்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். மகனுக்காகப் பறித்தேன் என்று அவள் வாய் திறக்கவில்லை. இப்போது புல்தான் வெட்டுகிறாள்.

அந்த இலைகளைக் காகிதத்தில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். இனி உனக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

தப்பு என்னுதுதான், மன்னிச்சிக்கப்பான்னு எழுது என்று அம்மா சொன்னாள். அவள் சொன்னாள் என்பதைத்தான் எழுதுகிறேன். அவளுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நீயும் பெருந்தன்மையாக, மன்னித்துவிட்டேன் என்று பதில் போட்டுவிடாதே. போட்டால் அந்தக் கடிதம் அடுப்புக்குத்தான் போகும்.

மாரியாத்தா உனக்கு வேறு நல்ல வேலை கொடுப்பாள். தீபாவளிக்கு வா. வாசலிலேயே அவள் மன்னிப்புக் கேட்க வருவாள். அவள் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொள், தம்பி.

உன் அக்கா,
இராசம்மா